கீற்றுகள் வந்திறங்கிய ஐப்பசி

ஐப்பசி மழைக்கு முன்னால் தட்டான்கள் தாழப் பறக்கும் நாட்களில், புதுச்சேரிக்குக் கடல் பக்கமிருந்து கீற்றுகள் வந்தன. அரிசி முனையளவே இருந்தன. சில வலப்பக்கம் சாய்ந்தவை, சில இடப்பக்கம் சாய்ந்தவை, சில இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக் குடிசைக் கூரைபோல நின்றவை, சில ஜோடிப் புள்ளிகள், சில வெறும் வால்கள். இப்படிக் கூட்டம் கூட்டமாக, கலங்கரை விளக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கடற்கரைச் சாலையைக் கடந்து, வாய்க்காலைத் தாண்டி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் அவை நுழைந்தபோது ரொசாலி தன் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தாள்.

ரொசாலி நாற்பதைத் தொட்டவள், கல்யாணம் ஆகாதவள், சந்தின் அந்த முனையில் பேசினால் இந்த முனையில் கேட்கும் குரல் உடையவள். ஆங்கிலத்தில் யாருக்கு எது வேண்டுமானாலும் அடித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். வேலை தேடுகிறவர்களுக்கு ரெஸ்யூம், விசாவுக்குக் கடிதம், ஓட்டல்களுக்கு மெனு கார்டு, வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் வீடுகளுக்கு விளம்பரத் தாள். வேகமாக அடிப்பாள், பிழையில்லாமல் அடிப்பாள். ஒன்றை மட்டும் அடிக்க மாட்டாள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் குடிவந்த சொற்கள் பல உண்டு, அவை வரும்போது தலையில் ஒரு கீற்றோடும் தொப்பியோடும் வந்தவை. அந்தத் தலைக்குறிகளைப் போடவேண்டுமென்றால் ஆல்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணை அடிக்கவேண்டும், எந்தக் குறிக்கு எந்த எண் என்று நினைவில் வைத்திருக்கவேண்டும், அதற்குள் வாசலில் நிற்கும் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் ரொசாலி அவற்றை வழித்துப் போட்டுவிட்டுத்தான் அடிப்பாள். யாராவது கேட்டால், "தலையில முடி இல்லாட்டி ஆளு யாருன்னு தெரியாதா?" என்பாள். ஊரில் ஆங்கிலம் அடித்த எல்லோரும் அப்படித்தான் அடித்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

"தட்டான் இல்லடி இது" என்றாள் எதிரே மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி. "தட்டானுக்கு றெக்க இருக்கும்."

கீற்றுகள் முதலில் எழுத்துகளின் மேல்தான் உட்கார்ந்தன. சந்து முனையில் கஃபே என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை ஒன்று இருந்தது. அதன் கடைசி எழுத்தின் மேல் ஒரு கீற்று வந்து உட்கார, அதுவரை அதைக் 'கேஃப்' என்று வாசித்துக்கொண்டு போன ஆட்டோக்காரர்கள் அன்று காலையிலிருந்து 'கஃபே' என்று சொன்னார்கள், சொல்லிவிட்டு அங்கே போய் ஒரு காபியும் குடித்தார்கள். அந்தக் குறியின் வேலையே அதுதான். சொல்லின் கடைசியில் விழுங்கப்பட்டுவிடும் எழுத்தை அது வாயைத் திறந்து ஒலிக்க வைக்கும். பலகைகள் நிறைந்து இடம் போதாமல் போன பிறகு அவை மனிதர்கள் மேல் உட்கார ஆரம்பித்தன.

முதலில் உட்கார்ந்தது பிரமிளா மேல். அவள் ரொசாலியின் கடைக்கு வேலைத் தாள் அடிக்க வந்திருந்தாள். படிப்பைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். முன் அனுபவம் என்ன என்று ரொசாலி கேட்டதும், அந்தக் கேள்விக்கு எப்போதும் சொல்வதைப் போல, "ஒண்ணும் இல்லக்கா, வீட்லதான்..." என்று இழுத்து நிறுத்தினாள். அப்போது ஜன்னல் வழியே வந்த வலப்பக்கக் கீற்று ஒன்று அவள் வகிட்டுக்கு மேலே, முடியைத் தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது.

"...வீட்லதான் இருந்தேன், ஆனா மாமனாரோட பெயிண்ட் கடைக்கு சரக்கு எடுக்கறது, கம்பெனிக்காரங்களோட பேசறது, எந்தக் கலர் எந்த மாசம் போவும்னு பாத்து வெக்கிறது எல்லாம் நான்தான். அவருக்கு உடம்பு முடியாமப் போனப்ப கடைய மூடாம நடத்தினது நான். ரெண்டு புது ஏஜென்சி எடுத்ததும் நான்" என்று பிரமிளா சொல்லி முடித்தாள். சொல்லி முடித்துவிட்டுத் தானே அதைக் கேட்டவள்போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ரொசாலி அடித்துக்கொண்டே போனாள். அரைப் பக்கத்தில் முடிந்திருக்கவேண்டிய தாள் மூன்றாம் பக்கத்துக்குப் போயிற்று. அந்த வாரமே பிரமிளாவை ஒரு பெரிய கம்பெனியில் கூப்பிட்டார்கள்.

ஊருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. புரிந்த பிறகு அதில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, அவரவருக்குச் சொல்லி முடிக்கவேண்டியது அவ்வளவு இருந்தது. வலப்பக்கக் கீற்று யார் தலைமேல் நின்றதோ அவர்கள் பாதியில் விழுங்கிய பேச்சைக் கடைசி எழுத்துவரை சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் "வலிக்குதுங்க" என்பதோடு நிறுத்தாமல் எங்கே, எப்போதிலிருந்து, எதைப் பார்த்துப் பயந்து இத்தனை நாள் வராமல் இருந்தோம் என்பதுவரை சொன்னதால் டாக்டர்கள் வழக்கத்துக்குச் சீக்கிரமே நோயைக் கண்டுபிடித்தார்கள். கூரைக் குறி வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தொலைந்துபோனது நினைவு வந்தது, ஏனென்றால் சொல்லில் எப்போதோ தொலைந்துபோன ஓர் எழுத்தின் ஞாபகமாகத்தான் அந்தக் கூரை நிற்கிறது. அப்படிப் பல வீடுகளில் சாவிகளும், சில வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகளும் திரும்பக் கிடைத்தார்கள். ஜோடிப் புள்ளி, ஒட்டிக்கொண்ட இரண்டு உயிரெழுத்துகளைப் பிரித்துத் தனித்தனியே ஒலிக்கவைப்பது. அது வந்து நின்ற வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் பேசியும் இருவர் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. வால் கடினமான எழுத்தின் அடியில் தொங்கி அதை மென்மையாக்குவது. அது தாடைக்குக் கீழே தொங்கிய பஸ் கண்டக்டர் ஒருவர், சில்லறை இல்லாதவர்களிடம் "பரவால்லம்மா, நாளைக்குக் குடுங்க" என்றார்.

பெண்கள் கீற்றைத் தொடாமல் தலை வாரக் கற்றுக்கொண்டார்கள். ஹெல்மெட் போட்டால் அது நசுங்குமே என்று கேள்வி வந்தபோது, அது ஹெல்மெட்டுக்கு மேலேறி நின்றுகொள்ளும் என்று போக்குவரத்துப் போலீஸ்காரர்களே சொல்லிக்கொடுத்தார்கள். கோயில் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் ஒரே பேச்சாக இருந்தது. நம்ம எழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி உயிரை எடுத்துட்டு மெய்யை நிறுத்தும், இது தலைகீழா உயிரைக் குடுக்குதே, அதுவும் வேணும் இதுவும் வேணும்போல, என்று பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை தலைமேல் கீற்று உண்டா என்று விசாரித்த பிறகே போனார்கள்.

ஏறக்குறைய எல்லோருக்கும் வந்தது, தணிகாசலம் மட்டும் தலையைக் கொடுக்கவில்லை. தணிகாசலம் கடற்கரைப் பக்கத்து வெண்சங்கு ஓட்டலில் ரொட்டியும் கேக்கும் செய்யும் மாஸ்டர். மனைவி இறந்து பல வருஷம் ஆனவர், கைகளில் எப்போதும் மாவு வாசனை. ஓட்டலின் மெனுத் தாளைத் திருத்த அவர்தான் ரொசாலியிடம் கொண்டுவருவார். க்ரெம் ப்ரூலே, சூஃப்லே, க்ரெப் என்று தலைக்குறி தாங்கவேண்டிய பிரெஞ்சுப் பலகாரப் பெயர்களாகவே இருக்கும் அந்தத் தாளை ரொசாலி மொட்டையாக அடிக்க அரைமணி போதும். ஆனால் அவள் ஒரு மணிக்கு மேல் எடுத்துக்கொள்வாள், அவர் அந்த ஸ்டூலில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கட்டும் என்று. எழுந்து போகும்போது ஒவ்வொரு தடவையும் அவர், "ரொசாலிம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பிப்பார். பிறகு எச்சிலை விழுங்குவார். "சரி, அப்பறம் பாக்கலாம்" என்று போய்விடுவார்.

கீற்றுகள் வந்த நாளிலிருந்து அவர் தன் சமையல் தொப்பியைக் கழற்றவில்லை. கஞ்சி போட்டு விறைத்த அந்த உயரமான வெள்ளைத் தொப்பியோடேயே தெருவில் நடந்தார், தொப்பியோடேயே டீ குடித்தார். கீற்றுகள் வந்து உட்காரப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தன.

"மாஸ்டர், வேர்க்குதே, தொப்பியக் கழட்டி வெச்சுட்டு உக்காருங்களேன்" என்றாள் ரொசாலி.

"இருக்கட்டும்மா. பழகிப்போச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடு அடித்ததில் அவர் மெனு அன்று இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பிரமிளா வேலையில் சேர்ந்த சேதி சொல்ல இனிப்போடு வந்த நாளில்தான் அடுத்தது தெரிந்தது. சந்தோஷத்தில் ரொசாலி அவள் தாளைத் திறந்து, அதன் தலைப்பை முதல் தடவையாக முழுசாக அடித்துப் பார்த்தாள். குறியில்லாமல் அடித்தால் அது 'தொடர்' என்று பொருள்தரும் வேறொரு ஆங்கிலச் சொல். இரண்டு இடத்திலும் கீற்று வைத்தால்தான் அது ரெஸ்யுமே, ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதன் சாரம். எண்ணைத் தேடி ஆல்ட் பட்டனோடு அடித்ததும், பிரமிளாவின் தலைமேல் நின்ற கீற்று எழுந்தது. கம்ப்யூட்டர் திரைக்குள் போயிற்று. இரண்டாவது இடத்துக்கு வாசலில் திரிந்த இன்னொன்று வந்தது. சொல்லின்மேல் பொட்டு வைத்தாற்போல் இரண்டும் அமர்ந்து, பிறகு அசையவில்லை.

பிரமிளா தலையைத் தடவிப் பார்த்தாள். "போயிடுச்சா அக்கா?"

"வீட்டுக்குப் போயிருக்கு" என்றாள் ரொசாலி. இத்தனை வருஷம் தான் வழித்துப் போட்டவையெல்லாம் எங்கே போய் எப்படி இருந்தன என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவை இடம் தேடித்தான் வந்திருக்கின்றன. வந்த இடத்தில் சொல் கிடைக்காமல் மனிதர்கள் தலையில் ஒண்டியிருக்கின்றன.

மறுநாள் மத்தியானம் ஒரு தூற்றல் போட்டது. மழை என்று சொல்ல முடியாத தூற்றல். ஆனால் அது நின்றபோது சந்தில் தேங்கிய தண்ணீரில் கீற்றுகள் மிதந்தன, கரைந்து, மசிபோலக் கலங்கி. அஞ்சலாட்சி மீன் எடுக்கும் கையால் ஒன்றை அள்ளிப் பார்த்தாள். அது அவள் உள்ளங்கையில் நீலக் கோடாகி ஓடிப்போயிற்று.

"இன்னும் பெரிய மழை வரலியேடி" என்றாள் அவள். "வந்துதுன்னா இதுங்க கதி?"

வானம் கடலுக்கு மேல் கறுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வெண்சங்கு ஓட்டல் முதலாளி கஜபதி காரில் வந்து இறங்கினார். அவருடைய ஓட்டலின் புதிய மாடி திறக்கப்படவிருந்தது, பெரிய மனிதர்கள் வரவிருந்தார்கள், ஆனால் ஓட்டலில் பரிமாறுகிறவர்கள் எல்லோரும் வாக்கியத்தை முடித்துப் பேசினார்கள், சாப்பிட வந்தவர்களும் சூப்பைப் பற்றி மனதில் பட்டதை முடித்துச் சொன்னார்கள். "நகராட்சியில சொல்லி கொசு மருந்து வண்டியக் கொண்டாரேன். ஊர் முழுக்கப் புகை போட்டாப் போதும், ஒண்ணு மிஞ்சாது. அதுக்கு முன்னாடி உங்க சந்துலேர்ந்து ஒரு கையெழுத்து..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், அவர் தாடைக்குக் கீழே ஒரு வால் வந்து தொங்கியது. கஜபதி குனிந்து தண்ணீரில் கிடந்தவற்றைப் பார்த்தார்.

"இதுங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"அதது இருக்க வேண்டிய எழுத்து வேணும் சார். நான் அடிச்சுக் குடுத்ததெல்லாம் ஊர் முழுக்கக் கெடக்கு. எல்லாத்துலயும் திருப்பி வெக்கணும். மழைக்கு முன்னாடி."

"உன் ஒருத்தியால முடிக்க முடியுமா?"

ரொசாலி வானத்தைப் பார்த்தாள். "முடியாது" என்றாள்.

"இந்தா, இதுலயும் வருதே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அஞ்சலாட்சி தன் போனை நீட்டினாள். விரலை எடுக்க மறந்து ஆங்கில 'ஈ' எழுத்தின்மேல் அழுத்தியபடியே நின்றதில், அந்த எழுத்தின் தலைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி திறந்து, அதற்குள் அதே எழுத்து விதவிதமான தலைக்குறிகளோடு வரிசையாக நின்றது. அஞ்சலாட்சி வலப்பக்கக் கீற்றைத் தொட்டாள். சந்துச் சுவரிலிருந்து ஒன்று பறந்து வந்து அவள் போனுக்குள் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்றைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்லும். ரொசாலி ஆட்டோவில் ஏறி, தேர்தலுக்குக் கட்டிய ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, தெருத்தெருவாகப் போனாள். "என்கிட்ட ரெஸ்யூம் அடிச்சவங்க எல்லாம் போன எடுங்க! முதல் வார்த்தையில ரெண்டு 'ஈ' இருக்கு, ரெண்டையும் அழுத்திப் பிடிங்க, வலப்பக்கம் சாஞ்சதத் தொடுங்க! கஃபே வெச்சிருக்கவங்க கடைசி எழுத்து! நிச்சயதார்த்தக் கடுதாசி அடிச்சவங்க, மாப்பிள்ளைன்னா ஃபியான்சேல ஒரே 'ஈ', அதுல கீற்று. பொண்ணுன்னா ரெண்டு 'ஈ', முதல் 'ஈ'ல கீற்று! வீட்டு முகப்பு அழகா இருக்குன்னு விளம்பரம் போட்டவங்க, ஃபசாட்ல 'சி'ய அழுத்துங்க, வால் வரும்!" அவள் குரலுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுத்தினார்கள். மீன்காரிகள் செதில் ஒட்டிய விரல்களைப் புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினார்கள். கஜபதி தன் ஓட்டலின் கம்ப்யூட்டர்களை எல்லாம் வரவேற்பறைக்குக் கொண்டுவந்து வைத்து, கதவைத் திறந்துவிட்டார். பிரமிளா தன் கம்பெனி ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து வரிசையாக உட்காரவைத்தாள். ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் கீற்றுகள் எழுந்து போன்களுக்குள்ளும் திரைகளுக்குள்ளும் இறங்கிக்கொண்டே இருந்தன. கூரைகள் க்ரெப்பின் மேல் போய் நின்றன, ஜோடிப் புள்ளிகள் வெகுளி என்று பொருள்படும் நயீவ் என்ற சொல்லைத் தேடிப்போயின. தலைமேல் கீற்று இருந்தவர்கள் அதை அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று சொல்லிவிட வேண்டுமென்று தவித்தார்கள், அதனால் ஒரு கை போனை அழுத்த, மறுகை யாருடைய தோளையாவது பிடித்திருக்க, ஊரே ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது. காந்தி வீதியில் ஒரு கணவன் மனைவியிடம், உன் குழம்புல உப்பு எப்பவும் சரியாத்தான் இருக்கும், சொல்லணும்னு தோணினதே இல்ல, என்றார். காலேஜ் பெண் ஒருத்தி அப்பாவிடம், எனக்கு இன்ஜினியரிங் வேணாம்பா, என்று சொல்லி முடித்துவிட்டு நிம்மதியாக அழுதாள். தணிகாசலம் கூடை கூடையாகப் பன் கொண்டுவந்து, அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்தவர்களுக்குக் கொடுத்தார். தொப்பி தலையிலேயே இருந்தது.

கடலிலிருந்து குளிர்ந்த காற்று கிளம்பியபோது ஆட்டோ சந்துக்குத் திரும்பியது. வானத்தில் ஒன்றும் பறக்கவில்லை. கைதட்டினார்கள். அப்போது பிரமிளா, "அக்கா, அதோ" என்று கை காட்டினாள்.

ஒன்று மிச்சமிருந்தது. வலப்பக்கம் சாய்ந்த சின்னக் கீற்று ரொசாலியின் கடைக்கும் பக்கத்தில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த கடைக்கும் நடுவில் சுற்றிச் சுற்றிப் பறந்தது. எல்லோரும் தங்கள் தாள்களைத் திறந்து பார்த்தார்கள். எங்குமே மொட்டைச் சொல் இல்லை. ரொசாலி சொந்தத் தாள்களையெல்லாம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். எல்லாம் நிறைந்திருந்தன. முதல் சொட்டு ஷட்டர் தகரத்தில் விழுந்தது. அடுத்தது. பிறகு எண்ண முடியாதவை.

தணிகாசலம் பன் கூடையைக் கீழே போட்டார். தொப்பியைக் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து, அந்தக் கீற்றுக்கு மேல் குடைபோல நீட்டினார். அது ஒதுங்க இடம் கிடைத்த அவசரத்தில் தொப்பிக்குக் கீழே வந்து, நனைந்து ஒட்டிய அவர் நரைமுடிக்கு மேலே நின்றது.

அவர் ரொசாலியைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்பதுபோல் ஒரு கால் பின்னால் போயிற்று. ஓடினால் கீற்று நனையும். நின்றார்.

"ரொசாலிம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றார். எப்போதும் நிறுத்தும் இடம் வந்தது. "...இந்தப் பக்கத்துக் கடைய நான் எடுக்கலாம்னு இருக்கேன். ஓட்டல விட்டுட்டு வந்துடறேன். காலையில ரொட்டி, சாயந்திரம் காபி. ஜன்னலத் தொறந்தா நீங்க அடிக்கிற சத்தம் கேக்கணும். தனியா நடத்த எனக்கு இஷ்டம் இல்ல. கடையும் சரி, வீடும் சரி, உங்களோட சேர்ந்துதான் வேணும். இத வருஷக் கணக்கா ஸ்டூல்லயே வெச்சுட்டுப் போயிட்டிருக்கேன்."

ஊரெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு வந்த ரொசாலி, "சரி" என்றாள் மெதுவாக, அதுவும் பாதி காற்றாக. அதைக் கேட்டதும் கீற்று தணிகாசலத்தை விட்டு ஒரே தாவலில் அவள் தலைக்கு வந்தது. தொப்பியும் கூடவே வந்து அவளுக்கு மேல் நின்றது.

"சரி, ஆனா விடியக்காலம் எழுந்து அடுப்பு மூட்டறது உங்க வேல, என்னை எழுப்பக் கூடாது. என்னை 'ம்மா' போட்டுக் கூப்பிடாதீங்க, பேர் சொன்னாப் போதும். மாதா கோயில்லயும் பண்ணிக்கலாம், உங்க முருகன் கோயில்லயும் பண்ணிக்கலாம், எனக்கு ரெண்டும் சரிதான். நான் பேச ஆரம்பிச்சா நடுவுல எழுந்து போகக் கூடாது. எனக்கும் இந்த ஸ்டூல் காலியாப் போறப்பல்லாம் ரெண்டு நாளைக்கு ஒண்ணும் ஓடாது, அத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, ஊருக்கே கத்தற நான், இத மட்டும் சொன்னதில்ல."

"சொல்லிட்டல்ல" என்றார் தணிகாசலம். அவர் முகமெல்லாம் மழை.

அஞ்சலாட்சி மீன் விலை எழுதும் சாக்குக்கட்டியை அவர் கையில் திணித்தாள். அவர் பூட்டிக் கிடந்த கடையின் சன்ஷேடுக்குக் கீழே, நனையாத இடத்தில், ஷட்டரின்மேல் கஃபே என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளைப் பெரிதாக எழுதினார். கடைசி எழுத்தை எழுதி முடிப்பதற்குள் கீற்று ரொசாலியின் தலையிலிருந்து கிளம்பிவிட்டது. போய் அந்த எழுத்தின்மேல் உட்கார்ந்து, ஒருமுறை சிலிர்த்து, அடங்கியது.

மழை வலுத்தது. கஜபதி காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாஸ்டர் போய்விட்டால் க்ரெம் ப்ரூலேவுக்கு யாரைப் பிடிப்பது என்று யாரிடமோ மென்மையாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, "எப்பய்யா தொறக்கறீங்க?" என்று கேட்டாள்.

"தை பொறக்கட்டும்" என்றார் தணிகாசலம்.

"நாளைக்கு" என்றாள் ரொசாலி.

அவர் அவளைப் பார்த்தார். மாவு, அடுப்பு, சாவி, கடைக்காரரிடம் பேசுவது என்று விரல்விட்டு எண்ணுவதுபோல் அவர் உதடுகள் அசைந்தன. "நாளைக்குன்னா இப்பவே ஈஸ்ட் வாங்கணுமே" என்றார். "மார்க்கெட்ல அந்தக் கடை மூடியிருப்பான்."

"மூடியிருக்க மாட்டான். வாங்க" என்று சொல்லி, ரொசாலி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓட, அவரும் பின்னாலேயே ஓடினார்.